கடையை மூடினார்களா, போர்டை மாற்றினார்களா? வான்கூவர் என்பிஏ பற்றி ஒரு விரிவான பதில்

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இது: "வான்கூவரில் இருக்கும் என் அண்ணன் சமீபத்தில்தான் கனடியக் குடியுரிமை வாங்கினார். மாநகராட்சித் தேர்தலில் முதல் தடவையாக ஓட்டுப் போடப் போகிறார். அங்கே 'நான்-பார்ட்டிசன் அசோசியேஷன்' (சுருக்கமாக என்பிஏ) என்று ஒரு கட்சி எண்பது வருடத்துக்கும் மேலாக இருக்கிறதாம், மைய வலதுசாரியாம். கட்சி சாராதவர்கள் என்று பெயர் வைத்துக்கொண்டு அது எப்படிக் கட்சியாகும்? ஊரையே ஆண்ட கட்சிக்கு 2022ல் ஒரு கவுன்சிலர்கூடக் கிடைக்காதது ஏன்? அங்கே வலதுசாரி அரசியலே முடிந்துவிட்டதா?"

மூன்று கேள்வி மாதிரி தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான். கட்சி தோற்றதா, அதற்கு ஓட்டுப் போட்டவர்கள் மாறினார்களா? இரண்டும் வேறு வேறு. என்பிஏவின் கதை புரியாமல் போவதற்குக் காரணமே பலரும் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதுதான். (நம்மூர் வங்கிக்காரர்களுக்கு என்பிஏ என்றால் வாராக்கடன். அந்தச் சிரிப்பை இங்கேயே சிரித்து முடித்துவிடலாம், இனி இந்தப் பெயர்தான் அடிக்கடி வரும்.)

என்னைப் பற்றி ஒரு வரி. நகர அமைப்பு படித்தவன், வான்கூவருக்குப் பக்கத்து ஊர் ஒன்றின் நகராட்சியில் திட்டப் பிரிவில் பல வருடங்களாக வேலை. வான்கூவர் தேர்தல்களில் சில தடவை வாக்குச்சாவடிப் பணியாளராகவும் இருந்திருக்கிறேன். எந்தக் கட்சியிலும் உறுப்பினர் இல்லை. கட்சிகளின் உள்ளறைக் கூட்டங்களில் உட்கார்ந்ததும் இல்லை. அதனால் விதிகள், எண்கள், வெளிப்படையாக நடந்தவை பற்றி உறுதியாகச் சொல்வேன். யார் மனதில் என்ன இருந்தது என்பது பற்றிச் சொல்லும்போது அது என் கணிப்பு என்று சொல்லிவிடுவேன்.

முதலில் தேர்தல் முறை. இது பிடிபடாவிட்டால் மற்றது எதுவும் பிடிபடாது. சென்னை மாநகராட்சியில் 200 வார்டு, வார்டுக்கு ஒரு கவுன்சிலர், உங்கள் தெரு எந்த வார்டோ அந்த ஒருவருக்கு ஒரு ஓட்டு. வான்கூவரில் வார்டே கிடையாது. மேயர் ஒருவர், கவுன்சிலர்கள் பத்துப் பேர், பூங்கா வாரியத்துக்கு ஏழு பேர், பள்ளி வாரியத்துக்கு ஒன்பது பேர் என்று 27 இடங்கள். இந்த 27 பேரையும் ஊர் முழுக்க உள்ள எல்லா வாக்காளர்களும் சேர்ந்து தேர்ந்தெடுக்கிறார்கள். கவுன்சிலர் பகுதியில் நீங்கள் பத்துப் பெயர் வரை குறிக்கலாம். அதிக ஓட்டு வாங்கிய முதல் பத்துப் பேர் மன்றத்துக்குப் போவார்கள். பத்தாவது ஆளுக்கும் பதினோராவது ஆளுக்கும் நடுவில் சில நூறு ஓட்டு இருந்தாலும் அவ்வளவுதான்.

இந்த முறையில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஊரில் நாற்பது சதவீதம் பேர் ஒரே பட்டியலில் உள்ள பத்துப் பேருக்கும் அப்படியே போடுகிறார்கள், மற்ற அறுபது சதவீதம் மூன்று நான்கு பட்டியல்களாகச் சிதறுகிறது என்றால், அந்த நாற்பது சதவீதம் பத்து இடத்தையும் அள்ளிக்கொண்டு போய்விடும். ஆக இங்கே வேட்பாளரின் தனிச் செல்வாக்கைவிடப் பட்டியல் முக்கியம். ஒரு தரப்பில் எத்தனை பட்டியல் நிற்கிறது என்பது அதைவிட முக்கியம். என்பிஏவின் வரலாறு முழுக்க இந்த ஒரு கணக்குதான் திரும்பத் திரும்ப வரும்.

1930களின் நடுவரை வான்கூவரிலும் வார்டுகள் இருந்தன. 1935 கடைசியில் நடந்த பொதுவாக்கெடுப்பில் வார்டு முறை போய், 1936லிருந்து ஊர் முழுக்க ஒரே தொகுதி ஆனது. பொருளாதார மந்தம் உச்சத்தில் இருந்த காலம். வேலையில்லாதவர்கள் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தார்கள். இன்றைய இடதுசாரிக் கட்சியான என்டிபியின் முன்னோடியான சிசிஎஃப் என்ற சோஷலிசக் கட்சி மாநகராட்சியிலும் கால் பதிக்க ஆரம்பித்தது. தையல் தொழிலாளியாக இருந்து, பெண்கள் வாக்குரிமைக்காகப் போராடிய ஹெலினா கட்டரிட்ஜ் 1937ல் வான்கூவர் மன்றத்தின் முதல் பெண் உறுப்பினரானார். அவர் சிசிஎஃப் ஆள். அதே 1937ல்தான் என்பிஏ பிறந்தது. தற்செயல் இல்லை. வியாபாரிகளும் வீட்டுச் சொந்தக்காரர்களும் தொழில்முறைக்காரர்களும் கூடிச் சொன்ன வாதம் இதுதான்: குப்பை அள்ளவும் சாக்கடை போடவும் கட்சி அரசியல் எதற்கு, ஊர் நிர்வாகம் என்பது நிர்வாகம் மட்டுமே, கட்சிக்காரர்களை உள்ளே விடாதீர்கள், கட்சி சாராத நல்ல மனிதர்களின் பட்டியல் இதோ.

தமிழ்நாட்டுக்காரருக்கு இது புதிதாக இருக்கக் கூடாது. நம் கிராம ஊராட்சித் தலைவர் தேர்தல் சட்டப்படி கட்சி சார்பற்றது. கட்சிச் சின்னம் கிடையாது, பூட்டு சாவி, சீப்பு என்று ஏதாவது ஒன்றில்தான் நிற்க வேண்டும். ஆனால் யார் எந்தக் கட்சி ஆள் என்பது டீக்கடைக்காரருக்குத் தெரியும். வான்கூவரில் ஒரு வித்தியாசம். அங்கே சட்டம் யாரையும் தடுக்கவில்லை. 'நாங்கள் கட்சி இல்லை' என்று சொல்வதையே ஒரு தரப்பு தன் கட்சிப் பெயராக்கிக்கொண்டது. லிபரல், கன்சர்வேட்டிவ் என்று தலைநகர் ஒட்டாவாவின் தேசிய அரசியலில் எதிரெதிராக நின்றவர்கள் இங்கே ஒரே பட்டியலில் நின்றார்கள். இடதுசாரிகளை வெளியே நிறுத்துவது என்ற ஒரே புள்ளியில் ஒப்பந்தம். கட்சி என்பதைவிட ஓட்டுப் பிரியாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும். கொள்கை அறிக்கை மெலிந்தும் பட்டியல் வலுவாகவும் இருந்ததற்குக் காரணம் இதுதான்.

'மைய வலது' என்ற சொல்லையும் ஊருக்குத் தகுந்த மாதிரி இறக்கிக்கொள்ள வேண்டும். மாநகராட்சிக்கு வெளியுறவுக் கொள்கை கிடையாது, வருமான வரி கிடையாது. வான்கூவர் சட்டப்படி தினசரிச் செலவுக்குப் பற்றாக்குறை பட்ஜெட் போடவும் முடியாது. மிஞ்சுவது சொத்து வரி எவ்வளவு, அதில் கடைக்காரர் பங்கு எவ்வளவு, வீட்டுக்காரர் பங்கு எவ்வளவு, போலீசுக்கு எவ்வளவு, எந்தத் தெருவில் எத்தனை மாடி கட்டலாம், சாலையில் காருக்கு எவ்வளவு இடம், சைக்கிளுக்கு எவ்வளவு இடம். இதில் வரி குறைவு, போலீஸ் பலம், வியாபாரத்துக்குத் தடை குறைவு என்று பேசுபவர் வலது. வாடகைக்காரர் பாதுகாப்பு, சமூக வீடுகள் என்று பேசுபவர் இடது. ஆனால் மாடிக் கணக்குக்கு வந்தால் இந்தக் கோடு குழம்பிவிடும். தனி வீடுகள் நிறைந்த மேற்குப் பகுதிக்காரர் 'எங்கள் தெருவில் அடுக்குமாடி வேண்டாம்' என்பார். கட்டுமானத் தொழில் செய்பவர் 'தாராளமாகக் கட்டவிடு' என்பார். இருவரும் என்பிஏ ஓட்டுதான். நான் திட்டப் பிரிவில் உட்கார்ந்து பார்த்தவரை, மைய வலதுக்குள் எப்போதும் புகைந்துகொண்டிருக்கும் சண்டை இதுதான். இடதுசாரிகளோடு இருக்கும் சண்டைகூட அதற்கு அடுத்தபடிதான்.

இந்தப் புகைச்சல் முதலில் வெளியே வந்தது 1960களின் கடைசியில். டாம் கேம்பல் மேயராக இருந்தார். சைனாடவுனையும் அதன் பக்கத்து ஸ்ட்ராத்கோனா குடியிருப்பையும் கிழித்துக்கொண்டு ஒரு ஃப்ரீவே கொண்டுவரும் திட்டம் இருந்தது. சீன வம்சாவளிக் குடும்பங்கள், பல்கலைக்கழக ஆட்கள், கட்டடக் கலைஞர்கள் எல்லாரும் சேர்ந்து எதிர்த்தார்கள். ஃப்ரீவே வரவில்லை. 1972ல் திறந்த ஜார்ஜியா மேம்பாலம் மட்டும் அதன் மிச்சமாக இன்றும் நிற்கிறது. டவுன்டவுனிலிருந்து கிழக்கே வண்டி ஓட்டினால் அந்தப் பாலம் சட்டென்று சாதாரணத் தெருவில் வந்து விழும். ஏன் இப்படிப் பாதியில் முடிகிறது என்று உங்கள் அண்ணன் யோசித்திருந்தால் காரணம் இதுதான். இந்தக் கோபத்திலிருந்து 1968ல் இரண்டு அமைப்புகள் பிறந்தன: இடது பக்கம் 'கோப்', நடுவில் 'டீம்'. டீம் என்பது பெரும்பாலும் படித்த நடுத்தர வர்க்கத் தொழில்முறைக்காரர்கள். அதாவது என்பிஏவுக்குப் போயிருக்கக்கூடிய ஆட்கள். 1972ல் ஆர்ட் பிலிப்ஸ் தலைமையில் டீம் மன்றத்தைப் பிடித்தது. அந்தப் பட்டியலில் ஜெயித்தவர்களில் ஒருவர் இந்தியாவில் பிறந்த பேராசிரியர் செட்டி பெண்டக்கூர். என்பிஏவின் பலம் ஒரே பட்டியல் என்பதில்தான் இருக்கிறது, பக்கத்தில் இன்னொரு கௌரவமான பட்டியல் வந்தால் ஆட்டம் கண்டுவிடும் என்பது அப்போதே தெரிந்துபோனது.

அப்புறம் மீண்டது. 1986ல் கார்டன் கேம்பல் என்பிஏ மேயரானார். பின்னாளில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்துக்கே முதல்வராகிப் பத்து வருடம் ஆண்டவர் அவர். அவருக்குப் பின் 1993ல் ஃபிலிப் ஓவன். 1996 தேர்தலில் என்பிஏ 27 இடங்களில் 27ஐயும் பிடித்தது. எதிர்க்கட்சி என்று மன்றத்தில் உட்கார ஒரு ஆள்கூட இல்லை. ஊரில் இடதுசாரி ஓட்டே இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. மேலே சொன்ன கணக்கு முழுசாகப் பலித்த வருடம் அது, அவ்வளவுதான்.

ஓவன் கதையைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அவர் பணக்கார மேற்குப் பகுதியைச் சேர்ந்த, பழைய பாணி பழமைவாதி. ஆனால் டவுன்டவுன் ஈஸ்ட்சைட் என்ற ஏழ்மையான பகுதியில் போதைப்பொருளால் மனிதர்கள் செத்து விழுவதைப் பார்த்துப் பார்த்து மனம் மாறியவர். தடுப்பு, சிகிச்சை, காவல், பாதிப்புக் குறைப்பு என்ற 'நான்கு தூண்' திட்டத்தை 2001ல் மன்றத்தில் நிறைவேற்றினார். நான்காவது தூணைக் கேட்டதும் கட்சிக்குள் பலருக்கு முகம் சுருங்கியது. மேற்பார்வையோடு ஊசி போட்டுக்கொள்ளும் இடம் வரைக்கும் போகும் யோசனை அது. 2002ல் அவர் மீண்டும் என்பிஏ வேட்பாளராக வர வழி இல்லாமல் போனது. கட்சி ஜெனிஃபர் கிளார்க்கை நிறுத்தியது. 'கோப்' நிறுத்தியது லாரி கேம்பலை. அவர் மரண விசாரணை அதிகாரியாக இருந்தவர், அதே நான்கு தூண் திட்டத்தை ஆதரித்தவர். லாரி கேம்பல் ஜெயித்தார். கோப்புக்குப் பத்தில் எட்டு கவுன்சிலர், என்பிஏவுக்கு இரண்டே இரண்டு. வட அமெரிக்காவின் முதல் மேற்பார்வை ஊசி மையமான 'இன்சைட்' 2003 செப்டம்பரில் திறந்தது. ஒரு மைய வலதுசாரி மேயர் விதைத்தது, இடதுசாரி மன்றத்தில் முளைத்தது. சொந்த மேயரை ஓரங்கட்டியதுதான் தோல்விக்குக் காரணமா என்றால், அது ஒரு பெரிய காரணம் என்பது என் கணிப்பு. ஆனால் எட்டுக்கு இரண்டு என்ற அளவைப் பெரிதாக்கிக் காட்டியது தேர்தல் முறை. 1996ல் என்பிஏவுக்கு உதவிய அதே முறை 2002ல் அதை மிதித்தது.

இங்கே ஒரு சர்ச்சைக்குரிய விஷயம். 'வார்டு இல்லாத முறை வலதுசாரிக்காகவே செய்த சதி' என்று இடதுசாரி நண்பர்கள் சொல்வார்கள். அதில் பாதி சரி. மேற்குப் பகுதியில் வாக்குப்பதிவு வழக்கமாக அதிகம், கிழக்கில் குறைவு. வார்டு இருந்தால் கிழக்குக்கு அதன் பங்கு இடங்கள் உறுதியாகக் கிடைக்கும், இல்லாவிட்டால் மேற்கின் ஓட்டு ஊர் முழுவதையும் தூக்கிச் சாப்பிடும். 1982 வாக்கெடுப்பில் 57 சதவீதம் பேர் வார்டு வேண்டும் என்று சொல்லியும் மாறவில்லை என்பதும் உண்மை. ஆனால் மறு பாதியையும் சொல்ல வேண்டும். 2004ல் கோப் மன்றமே வாக்கெடுப்பு வைத்தபோது, வார்டு வேண்டாம் என்று 54 சதவீதம் பேர் சொல்லிவிட்டார்கள். 2008ல் தொடங்கி 2018 வரை பத்து வருடம் 'விஷன் வான்கூவர்' என்ற மைய இடது அமைப்பு இதே முறையில்தான் ஊரை ஆண்டது. ஆக இந்த முறை ஒற்றுமையாக இருப்பவனுக்குச் சாதகம். பல காலம் வலது பக்கம் ஒற்றுமையாக இருந்தது என்பதுதான் விஷயம்.

2005 பற்றி ஒரு வேடிக்கை. என்பிஏவின் சாம் சல்லிவன் விஷனின் ஜிம் கிரீனை வென்று மேயரானார். வித்தியாசம் ஏறக்குறைய 3,700 ஓட்டு. அதே வாக்குச்சீட்டில் ஜேம்ஸ் கிரீன் என்று ஒரு சுயேச்சை இருந்தார் (ஜிம் என்பது ஜேம்ஸின் சுருக்கம்தான்). அவருக்கு விழுந்தது 4,000க்கும் மேல். தமிழ்நாட்டில் ஒரே பெயரில் நாலு சுயேச்சைகளை இறக்குவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது அல்வா மாதிரி. ஆனால் எண்கள் உறுதி என்பதற்காக முடிவு உறுதி ஆகிவிடாது. ஜேம்ஸுக்குப் போட்டவர்களில் எத்தனை பேர் குழம்பிப் போட்டவர்கள் என்பதை வாக்குச்சீட்டு சொல்லாது. ஏறத்தாழ எல்லாருமே குழம்பியிருந்தால்தான் முடிவு மாறியிருக்கும். சல்லிவன் கழுத்துக்குக் கீழ் பாதிக்கப்பட்டு சக்கர நாற்காலியில் இருப்பவர். 2006ல் டூரின் குளிர்கால ஒலிம்பிக் நிறைவு விழாவில் ஒலிம்பிக் கொடியை நாற்காலியில் பொருத்திக்கொண்டு சுற்றிய காட்சியைப் பலரும் பார்த்திருப்பார்கள். அந்த மேயரையும் 2008ல் சொந்தக் கட்சி வேட்பாளர் தேர்வில் தோற்கடித்து பீட்டர் லேட்னரை நிறுத்தினார்கள். லேட்னர் விஷனின் கிரெகர் ராபர்ட்சனிடம் தோற்றார். ஆறு வருடத்தில் பதவியில் இருந்த இரண்டு மேயர்களைக் கழற்றிவிட்ட கட்சி, இரண்டு தடவையும் தோற்றது. 2011லும் 2014லும் ராபர்ட்சனே ஜெயித்தார்.

2018க்கு வருவோம். இதுதான் திருப்புமுனை. விஷன் வலுவிழந்து, ராபர்ட்சன் ஒதுங்கிக்கொண்டார். அதோடு மாகாண அரசு கம்பெனிகளும் தொழிற்சங்கங்களும் நன்கொடை தருவதைத் தடைசெய்து, தனிமனிதருக்கு வருடத்துக்கு 1,200 டாலர் என்று உச்சவரம்பு வைத்துவிட்டது. அதுவரை வான்கூவரில் வரம்பே இல்லை. பழைய பெரிய அமைப்புகளின் கஜானாச் சாவி பறிபோனது மாதிரி. புதுப் பட்டியல்கள் முளைத்தன. என்பிஏ கவுன்சிலர் ஹெக்டர் பிரெம்னருக்கு மேயர் வேட்பாளர் ஆகும் வாய்ப்பைச் சொந்தக் கட்சி மறுத்தது. அவர் நிறையக் கட்ட வேண்டும் என்ற தரப்பு. வெளியே போய் 'யெஸ் வான்கூவர்' ஆரம்பித்தார். முன்னாள் கன்சர்வேட்டிவ் எம்.பி. வாய் யங் 'கொயலிஷன் வான்கூவர்' ஆரம்பித்தார். என்பிஏ நிறுத்தியது கென் சிம் என்ற கணக்காளர்-தொழிலதிபரை. முடிவு: சுயேச்சையாக நின்ற கென்னடி ஸ்டூவர்ட் 957 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். வாய் யங்குக்கு 11,000க்கு மேல், பிரெம்னருக்கு கிட்டத்தட்ட 10,000. நான் முன்பு சொன்ன கணக்கு புரிந்திருந்தால் இதற்கு விளக்கம் தேவையில்லை.

அந்த 2018 வாக்குச்சீட்டை என் கண்ணால் பார்த்தேன். 27 இடத்துக்கு 158 பெயர்கள், கவுன்சிலருக்கு மட்டும் 71. பெயர்கள் அகரவரிசையில் இல்லை, குலுக்கல் முறையில் கலைத்துப் போட்டிருந்தார்கள். பள்ளி ஜிம்மில்தான் வாக்குச்சாவடி. ஒரு பஞ்சாபிப் பாட்டி கையில் துண்டுச்சீட்டோடு வந்தார். மகன் அழகாக அகரவரிசையில் பத்துப் பெயர் எழுதிக் கொடுத்திருந்தார். தடுப்புக்குப் பின்னால் போனவர் இருபது நிமிடம் வெளியே வரவில்லை. ஒவ்வொரு பெயராக மேலிருந்து கீழ் வரை விரலை ஓட்டித் தேடிக்கொண்டிருந்தார். வந்ததும் சீட்டை எண்ணும் இயந்திரத்தில் செருகிவிட்டு, "பத்தில் ஆறுதான் கிடைத்தது, போதும்" என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போனார். அவர் யாருக்குப் போட்டார் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் கூடாது. ஆனால் இப்படி ஒரு சீட்டில், பெயருக்குப் பக்கத்தில் அச்சாகியிருக்கும் அமைப்பின் பெயர்தான் பலருக்கும் ஊன்றுகோல் என்பது அன்று புரிந்தது.

அந்தப் பெயர் என்பிஏவுக்கு இருந்த பெரிய சொத்து. மேயர் பதவி போனாலும் 2018ல் அதற்கு ஐந்து கவுன்சிலர்கள் கிடைத்தார்கள், மற்ற எந்த அமைப்பையும்விட அதிகம். அந்தச் சொத்தை மூன்றே வருடத்தில் கரைத்தார்கள். கட்சியின் இயக்குநர் குழுவில் வலது ஓரத்து ஆட்கள் ஏறுகிறார்கள் என்று சொல்லி ரெபெக்கா பிளை 2019லேயே விலகினார். 2021ல் உறுப்பினர்களிடம் ஓட்டுக்கு விடாமல் குழுவே ஜான் கூப்பரை மேயர் வேட்பாளராக அறிவித்தது. லிசா டொமினாடோ, சாரா கிர்பி-யங், காலீன் ஹார்ட்விக் மூவரும் வெளியேறினார்கள். ஐந்தில் மிஞ்சியது ஒருவர். 2022 தேர்தலுக்குச் சில மாதம் இருக்கும்போது கூப்பரும் விலகி, ஃப்ரெட் ஹார்டிங் என்ற முன்னாள் போலீஸ்காரர் வேட்பாளரானார்.

இதற்குள் கென் சிம்மை முன்னிறுத்தி 'ஏபிசி' (எ பெட்டர் சிட்டி) என்ற புதுக் கடை திறந்துவிட்டது. பிளை, டொமினாடோ, கிர்பி-யங் மூவரும் அங்கே. நூறு போலீஸ், நூறு மனநல நர்ஸ் என்று எளிதில் மனதில் நிற்கும் வாக்குறுதி. இன்னொரு புத்திசாலித்தனமும் செய்தார்கள்: பத்து இடத்துக்கு ஏழு பேரைத்தான் நிறுத்தினார்கள். ஏழு பேரும் ஜெயித்தார்கள். சிம் 85,000க்கு மேல் ஓட்டு வாங்கி, வான்கூவரின் முதல் சீன வம்சாவளி மேயரானார். ஹார்டிங்குக்குக் கிடைத்தது மூன்று சதவீதத்துக்கும் கீழே. என்பிஏவுக்குக் கவுன்சிலர் பூஜ்யம்.

ஆக, உங்கள் கேள்விக்கு நேரடிப் பதில்: வலதுசாரி அரசியல் அங்கே சாகவில்லை. 2022ல் அது பெரிய வெற்றியைப் பெற்றது, வேறு பெயரில். செத்தது அந்தப் பெயர்தான். என்பிஏ ஓட்டர்கள் ஊரைவிட்டுப் போகவில்லை, கட்சி அவர்களிடமிருந்து போய்விட்டது. இதே நாடகம் இரண்டு வருடம் கழித்து மாகாண அளவிலும் நடந்தது. 2001 முதல் 2017 வரை ஆண்ட பிசி (பிரிட்டிஷ் கொலம்பியா) லிபரல் கட்சி 2023ல் 'பிசி யுனைடெட்' என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2024 ஆகஸ்ட் கடைசியில் பிரச்சாரத்தையே நிறுத்திவிட்டது. ஓட்டு கன்சர்வேட்டிவ் கட்சிக்குப் போய், அக்டோபரில் அது 93ல் 44 இடம் பிடித்தது. லிபரலும் கன்சர்வேட்டிவும் சேர்ந்து இடதைத் தடுக்கும் அதே பழைய ஒப்பந்தம், அதே மாதிரி புதுப் போர்டு.

என்பிஏ கரைந்தது வலது ஓரத்துக்குச் சாய்ந்ததாலா, வெறும் நிர்வாகக் குளறுபடியாலா? விலகியவர்கள் முதலாவது என்றார்கள், கட்சியில் தங்கியவர்கள் அதை மறுத்தார்கள். நான் இரண்டாவதைக் கூடுதலாக நம்புகிறேன். காரணம் 2002, 2008, 2018 மூன்றிலும் கொள்கை வேறு வேறு, ஆனால் வேட்பாளர் தேர்வில் அடித்துக்கொண்டது ஒன்றுதான். ஒப்பந்தத்தில் பிறந்த கட்சிக்குப் பங்காளிச் சண்டையைத் தீர்க்க ஒரு கொள்கைப் பிடி இல்லை. இதை மறுத்து யாராவது வாதம் வைத்தால் கேட்டுக்கொள்வேன்.

ஏபிசியின் எதிர்காலத்தைப் பற்றி ஜோசியம் சொல்ல மாட்டேன். நடந்ததை மட்டும் சொல்கிறேன். 2025 பிப்ரவரியில் பிளை அங்கிருந்தும் வெளியேற்றப்பட்டார். அதே வருடம் ஏப்ரலில் நடந்த இடைத்தேர்தலில் இரண்டு இடமும் கோப்பின் ஷான் ஓருக்கும் இன்னொரு இடதுசாரி அமைப்பான ஒன்சிட்டியின் லூசி மலோனிக்கும் போயின. ஏபிசி வேட்பாளர்கள் வெகு பின்னால் வந்தார்கள். இடைத்தேர்தலில் ஆளுங்கட்சிமீது கோபம் உள்ளவர்கள்தான் முண்டியடித்து வருவார்கள், அதனால் அதை வைத்துப் பொதுத்தேர்தலை அளக்க முடியாது.

அண்ணனுக்கு நடைமுறையாகச் சொல்ல வேண்டியது கொஞ்சம். அடுத்த பொதுத்தேர்தல் 2026 அக்டோபர் 17, சனிக்கிழமை. முன்கூட்டியே ஓட்டுப் போடும் நாட்களும் உண்டு, அதில் கூட்டம் குறைவு. பத்துப் பெயரையும் நிரப்பியே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை. பிடித்தது நான்கு பேர் என்றால் நான்கோடு நிறுத்தலாம், சீட்டு செல்லும். பத்துக்கு மேல் குறித்தால்தான் அந்தப் பகுதி செல்லாமல் போகும். கடன் வாங்க மாநகராட்சிக்கு அனுமதி தரலாமா என்று ஆம், இல்லை கேள்விகளும் சீட்டில் இருக்கும், அவசரத்தில் பலரும் அதை விட்டுவிடுவார்கள். பெயர்களைத் துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு போகலாம், அதற்குத் தடையில்லை. மாநகராட்சி இணையதளத்தில் வேட்பாளர் பட்டியல் வந்ததும், சீட்டில் எந்த வரிசையில் இருக்கிறதோ அதே வரிசையில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். பாட்டிக்குப் பத்தில் நான்கு கிடைக்காமல் போனது அதனால்தான்.